கடனை அடைத்துவிட்டு வரட்டும்: ஒரு செவிலியரின் கல்விக் கடனும் தள்ளிப்போன திருமணமும்

2023 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் ஓரமாகப் பெண்ணும் அவளுடைய அப்பாவும். எதிரே பையன், அவனுடைய அம்மா, தாய்மாமன். பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். இரு வீட்டுக்கும் சம்மதம். பூ வைப்பதற்கு நாள் பார்க்கும் நேரத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது.

"நகை வேண்டாம், சீர் வேண்டாம், ஐயா. அந்தக் கல்விக் கடனை மட்டும் அடைத்துவிட்டு வரட்டும். இரண்டு வருடம் ஆனாலும் காத்திருக்கிறோம்" என்றார் பையனின் அம்மா.

பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கல்விக் கடன் கோப்புகள் பல ஆண்டுகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. இந்தக் கடன் நான் வேலை பார்த்த கிளையில் கொடுத்ததல்ல. பழக்கத்தின் பேரில் அவர் இரு வீட்டாரையும் என்னிடம் அழைத்து வந்திருந்தார். அடையாளம் தெரியாதிருக்க ஊர், வேலை பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு எளிதாகப் புரிவதற்காக வட்டியை எல்லா ஆண்டுகளுக்கும் 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன். மிதக்கும் வட்டி என்பதால் வங்கி ஏட்டில் முன்பின் இருக்கும். ஆனால் கதை மாறாது.

கடன் வந்த வழி

2014இல் அந்தப் பெண் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். நான்கு ஆண்டுப் படிப்பு. கல்லூரிக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அப்பா கையெழுத்திட்டார். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் ஒரு லட்சம் நேரே கல்லூரிக்குப் போனது.

படிப்புக் காலத்திலும் அது முடிந்த பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதை 'வட்டி இல்லாத காலம்' என்று நம்பும் குடும்பங்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தவணை இல்லை, அவ்வளவுதான். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. கூட்டிப் பார்த்தால் வட்டி மட்டும் 1,68,000 ரூபாய். 2019 செப்டம்பரில் தவணை தொடங்கியபோது கடன் 4 லட்சமாக இல்லை, 5,68,000 ஆகியிருந்தது. பத்து ஆண்டுத் தவணை, மாதம் 8,150.

இந்த 1,68,000 ரூபாய் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கவே கூடாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கான கடனில் இந்தக் காலத்து வட்டி முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. தறி ஓட்டும் மனிதரின் வருமானம் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. தேவைப்பட்டது தாசில்தார் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழ் ஒன்று. கடன் கொடுத்த கிளையில் அதை யாரும் கேட்கவில்லை. இவர்களுக்கும் கொடுக்கத் தெரியவில்லை. 2019இல் யாரோ சொல்லிக் கேட்டு அப்பா சான்றிதழோடு போனபோது, அந்த ஆண்டுகளுக்கான கோரிக்கை அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காகிதம். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கட்டியும் குறையாத கணக்கு

படித்து முடித்ததும் ஈரோட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை. சம்பளம் 14,000. வீட்டிலிருந்தே போய்வந்ததால் முதல் ஆறு மாதம் 8,150ஐத் தவறாமல் கட்டினாள். பிறகு ஊரடங்கு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி நிற்கவில்லை, அந்த ஆறு மாதத்தில் 33,000 ரூபாய்க்கு மேல் ஏறியது. தறிகள் நின்றன, அப்பாவுக்குக் கூலி இல்லை. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு தொற்று வார்டில் நின்ற அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. 2020 செப்டம்பர் முதல் 2021 டிசம்பர் வரை 16 மாதம் அவளால் 5,000தான் கட்ட முடிந்தது.

அந்த நேரத்தில் மாத வட்டி மட்டுமே 5,800க்கு மேல். அதாவது மாதம் தவறாமல் 5,000 கட்டியும் கடன் மாதந்தோறும் 800, 900 ரூபாய் வளர்ந்தது. மானியம் கிடைத்திருந்தால் கடன் 4 லட்சத்தில் தொடங்கியிருக்கும். வட்டி 4,000ஐத் தாண்டியிருக்காது. இதே 5,000 ரூபாய் அசலைக் குறைத்திருக்கும். அதே பெண், அதே சம்பளம், அதே உழைப்பு.

நிலுவை 90 நாளைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. 2021இன் பிற்பகுதியில் வசூலுக்கு வந்த இருவர் தறிக்கூடத்துக்கே போய், கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் அப்பாவைச் சத்தம் போட்டிருக்கிறார்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாகச் சொன்னது. அதற்குள் அவர் அவமானப்பட்டு முடிந்திருந்தார்.

2022 ஜனவரியில் சென்னை போரூர்ப் பக்கம் பெரிய மருத்துவமனை ஒன்றில் 22,000 சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அந்த மாதம் முதல் 8,150ஐ ஒரு தவணைகூட விடாமல் கட்டுகிறாள். அங்கே விபத்தில் கை நசுங்கி வந்த நண்பனுக்குத் துணையாக இருந்தவன்தான் இந்தப் பையன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, டிப்ளமோ படித்தவன், சம்பளம் 26,000.

அன்று என் மேசையில் கணக்கு அறிக்கையை விரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மூன்று எண்களைப் படித்தேன். வாங்கியது 4,00,000. அதுவரை கட்டியது 2,75,600. இன்னும் பாக்கி 5,59,000.

அறையில் யாரும் பேசவில்லை. பையனின் தாய்மாமன்தான், "அப்படியென்றால் கட்டியதெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதுவரை நினைத்திருந்தது, பெண் சம்பாதித்ததை எல்லாம் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கடனைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறாள் என்று. அறிக்கையைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

இரண்டு ஆண்டு பொறுத்தால்

அடுத்து, அந்த அம்மா சொன்ன இரண்டு ஆண்டை எடுத்துக்கொண்டேன். இதே 8,150ஐ இன்னும் 24 மாதம் கட்டினால் பாக்கி எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ 4,90,000. இரண்டு ஆண்டு காத்திருந்தும் கழிவது 70,000க்குள்தான். சரி, இரண்டு ஆண்டில் முழுவதும் அடைக்க வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? 26,300. அவளுடைய முழுச் சம்பளமும் அதற்குப் போதாது. இப்போதுள்ள தவணையிலேயே போனால் முடிய இன்னும் 116 மாதம் ஆகும். அப்போது அவளுக்கு 36 வயது.

"காத்திருக்கிறோம்" என்பது பெருந்தன்மையான சொல்லாகத்தான் காதில் விழுந்தது. ஆனால் கணக்கில் போட்டுப் பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுக்கும் கடன் அடைவதற்கும் தொடர்பே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து இதே ஐந்து பேரும் 4,90,000 ரூபாய்க் கடனோடு இதே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். கடன் எப்போது தீரும் என்று பென்சிலால் ஒரு முறைகூடக் கணக்குப் போடாமல், 'ஒரு வருடம்', 'இரண்டு வருடம்' என்று வாய்க்கு வந்த காலத்தைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துகிறார்கள்.

தாய்மாமன் வேறு வழி சொன்னார். வாராக்கடன்தானே, வங்கியே ஒரு தொகைக்கு இறங்கி வரும், லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தேர்தல் வரட்டும், தள்ளுபடி வரும். தள்ளுபடிப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் வட்டி எப்படி வளர்ந்தது என்பதை நான் வேலையில் இருந்தபோதே பார்த்தவன். ஆகவே அதைப் பேச விடவில்லை. தீர்வுத் தொகை என்பது தவறான வழியல்ல. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது உதவும். ஆனால் கையில் மொத்தமாக மூன்று, நான்கு லட்சம் வேண்டும். கடன் வரலாற்றில் 'முழுதாக அடைக்கப்பட்டது' என்று வராது. 'குறைந்த தொகைக்குத் தீர்க்கப்பட்டது' என்று பதிவாகும். நாளைக்கு இவர்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டால் இரண்டு பேருடைய சிபில் மதிப்பெண்ணையும், அதாவது கடன் வரலாற்றுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணையும், பார்ப்பார்கள்.

அந்த அம்மாவின் பயம்

பையனின் அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று இதைப் படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. அவர் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். எதற்காக இந்தக் கடனைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறார் என்று தனியாகக் கேட்டேன். மகளிர் குழுவில் நடந்ததைச் சொன்னார். பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய குழுக் கடன். இருவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மீதி எட்டுப் பேரும் அவர்களுடைய தவணையையும் சேர்த்துக் கட்டும்வரை வாரக் கூட்டத்திலிருந்து எழுந்து போகவிடவில்லை. ஒரு மாலை இருட்டும்வரை அப்படி உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் மகள் தனியாக இருந்தாளாம்.

"அவள் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் கடனும் இந்த வீட்டுடையதுதானே, ஐயா?"

அவர் அறிந்த கடன் உலகத்தில் ஒருவர் கட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கட்ட வேண்டும். அதனால்தான் மருமகளின் கடன் மகன் தலையில் விழும் என்றும், மகன் தலையில் விழுந்தால் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்றும் அவர் முடிவு கட்டியிருந்தார். அறியாமை என்று ஒதுக்க முடியாத பயம் அது, பட்டு அறிந்தது.

நான் சொன்னேன்: குழுக் கடனில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார்கள், அதனால் பிடிக்கிறார்கள். இந்தக் கடனில் கையெழுத்திட்டவர்கள் இருவர்தான். பெண்ணும் அவளுடைய அப்பாவும். தாலி கட்டியதாலேயே கணவன் கடனாளி ஆவதில்லை. வங்கி அவனுடைய சம்பளத்தையோ உங்கள் வீட்டையோ தொட முடியாது. தவணையை மாற்றி அமைக்கும்போது கணவனை இணைக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்லி ஏதாவது கிளையில் கேட்கக்கூடும். அப்போது கையெழுத்திடாமல் இருக்கலாம். இதைச் சொன்னதும் அவர் மகனைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி.

வீட்டு வாசலில் முகவர் வந்து நிற்பாரா என்று கேட்டார். நிலுவை இருக்கும்வரை வரக்கூடும் என்றேன். பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை.

நிலுவை பற்றி ஒரு விவரம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 18 மாதமாக முழுத் தவணையும் கட்டிவரும் அந்தக் கணக்கு அப்போதும் வாராக்கடனாகவே இருந்தது. காரணம், அந்த 16 மாதத்தில் மாதம் 3,150 வீதம் விழுந்த 50,400 ரூபாய்ப் பள்ளம். பழைய நிலுவை முழுவதும் கட்டித் தீர்த்தால்தான் கணக்கை நல்ல கணக்காக மாற்றலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, முகவர் வருவதை நிறுத்த 5,59,000 தேவையில்லை, 50,400 போதும்.

பெண் சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பிழை செய்தேன். இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டேன்; மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினேன்; அப்பாவுக்குத் தைரியம் சொன்னேன். யாருடைய பெயரில் கடன் இருக்கிறதோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் இரவுப் பணி இடைவேளையில் அவளே தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, தள்ளிப்போட வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். அவருடைய அம்மா சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது."

ஏன் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பளம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவருடைய ஏ.டி.எம். அட்டை அவருடைய கணவரிடம்தான் இருக்கிறது. எனக்கும் அப்படி ஆனால் தவணை நிற்கும். நின்றால் மறுபடியும் தறிக்கூடத்துக்கு ஆள் வரும். அப்பா இன்னொரு தடவை அதைத் தாங்க மாட்டார்."

மாப்பிள்ளை வீட்டார் கடன் தங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்தார்கள். பெண்ணோ, தான் மட்டும் போய்விட்டு, கடனை அப்பாவிடம் விட்டுவிடுவோமோ என்று பயந்தாள். கல்விக் கடன் இருக்கும் பெண்ணின் கல்யாணத்தை எதற்காகவாவது தள்ளிப்போடலாம் என்றால் இதற்காகத்தான் தள்ளிப்போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தொகை எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. அவளுடைய சம்பளம் அவளுடையது என்று இரு வீடும் ஏற்றுக்கொள்கிறதா, இல்லையா? ஏற்காத வீட்டில் ஐம்பதாயிரம் கடனோடு போனாலும் ஆபத்து.

வேறொரு குடும்பத்தில் நான் "பொறுங்கள்" என்று சொன்னதும் உண்டு. அங்கே பையன் வெளிநாட்டுப் படிப்புக்காகப் பெற்றோரின் வீட்டை அடமானம் வைத்து 30 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தான். நிச்சயதார்த்தம் முடியும்வரை பெண் வீட்டாருக்கு அதைச் சொல்லவில்லை. மறைத்ததற்குக் காரணம் கேட்டபோது அவனுக்குக் கோபம் வந்தது. அங்கே நான் கணக்கே போடவில்லை.

இரண்டாவது சந்திப்பு

அடுத்த ஞாயிறு பள்ளிபாளையத்தில், பெண் வீட்டில் கூடினோம். முதலில் கல்யாணச் செலவைப் பற்றிக் கேட்டேன். அப்பாவின் திட்டம் இது: பல ஆண்டாகச் சிறுகச் சேர்த்த 8 பவுன் நகை இருக்கிறது. 2 லட்சம் சீட்டு அந்த மாதம் கைக்கு வருகிறது. மண்டபத்துக்கும் 600 பேர் சாப்பாட்டுக்கும் இன்னும் 3 லட்சம் வேண்டும். அதை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கப் போகிறார்.

நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டும். பெண் படித்ததற்காக வாங்கிய 12 சதவீதக் கடனுக்காகக் கல்யாணம் நிற்கிறது. அதே கல்யாணத்தை நடத்த 24 சதவீதக் கடன் வாங்குவதை அந்தக் கூடத்தில் ஒருவரும் தவறாக நினைக்கவில்லை. படிப்புக் கடன் அவளுக்கு 22,000 சம்பளத்தைக் கொடுத்திருக்கிறது. மண்டபக் கடன் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். இதை நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

2022இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஒரு முடிவையும் அங்கே நினைவுபடுத்தினேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், பட்டம் படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கொடுத்து வந்தார்கள். அதே அம்மையார் பெயரில் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலித் தங்கம் போயிற்றே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. அரசு செய்ததை நம் வீட்டிலும் செய்யலாம் அல்லவா என்று கேட்டேன். பெண்ணின் அம்மா அடுப்படியிலிருந்து, "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார். அதுவரை அவர் பேசியதை நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு லட்சத்தின் கணக்கு. சீட்டுப் பணத்தில் பாதியை, ஒரு லட்சத்தை, இப்போதே வங்கியில் கட்டினால் என்ன ஆகும்? 50,400 நிலுவைக்குப் போகும். கணக்கு நல்ல கணக்காகும். மீதி அசலைக் குறைக்கும். கல்விக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லை. பாக்கி 4,59,000 ஆகும். அதே 8,150 தவணையில் 116 மாதம் 83 மாதமாகக் குறையும். 33 மாதத் தவணை, அதாவது 2,69,000 ரூபாய், மிச்சம். இந்த எண்ணைச் சொன்னபோது பையன் முதன்முறையாக நிமிர்ந்து, தாளை வாங்கி அவனே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தான்.

கல்யாணம் செய்துகொண்டால் செலவு குறையும், கடன் சீக்கிரம் அடையும் என்று சிலர் சொல்வார்கள். அதையும் பார்த்தேன். அவளுடைய விடுதிக்கு 6,500, அவனுடைய அறைக்கும் மெஸ்ஸுக்கும் 7,500; மொத்தம் 14,000. இருவருடைய வேலைக்கும் நடுவில் குன்றத்தூரில் ஒரு சிறிய வீடு எடுத்தால் வாடகை 8,000, மளிகை, காஸ், மின்சாரம் சேர்த்து 7,000. மிச்சம் ஒன்றுமில்லை, ஆயிரம் ரூபாய் கூடுதல்தான். முன்பணம் 50,000 வேறு. ஆகவே அந்த ஆறுதலை நான் கொடுக்கவில்லை.

கடைசியாக, எல்லோர் முன்னாலும் பையனிடம் கேட்டேன். "நாளைக்குக் குழந்தை பிறக்கிறது. 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதன் பிறகு அவளால் ஓர் ஆண்டு வேலைக்குப் போக முடியவில்லை. தவணையை யார் கட்டுவது?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா, "தங்கைக்கு யார் செய்வது?" என்றார். கல்லூரிக் கடைசி ஆண்டில் ஒரு தங்கை இருக்கிறாள். நியாயமான கேள்வி. எனக்கும் சமாதானமாகச் சொல்லப் பதில் இல்லை. அவன் இந்தக் கடனுக்கு உதவினால் தங்கைக்குச் சேர்க்கும் பணம் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குப் பிறகு கூடத்தில் நீண்ட நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் கட்டுகிறேன்" என்றான் பையன். "வண்டித் தவணை 3,200 இந்த ஆடியோடு முடிகிறது. அதில் 2,000 இதற்கு. மீதி தங்கைக்கு. இவள் வேலைக்குப் போகாத மாதங்களில் முழுத் தவணையும் நான் கட்டுகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன், அம்மா. ஆனால் கட்டுவேன்."

அந்த இடத்தில் பெண் அழுதாள். அவளுடைய அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எழுதிக்கொண்டவை அதிகமில்லை. சம்பளக் கணக்கு அவளுடைய பெயரில், அட்டை அவளுடைய கையில். ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி தவணை தானாகப் பிடிக்கும்படி வங்கியில் ஏற்பாடு. மொய்ப் பணத்திலிருந்து ஆறு தவணைக்கான 48,900ஐத் தனியே எடுத்து வைப்பது. குழந்தைக் காலத்துக்கு என்று அதைத் தொடாமல் விடுவது. வெளிக்கடன் வாங்குவதில்லை. சீட்டின் மறுபாதியான ஒரு லட்சத்துக்குள் பெண் வீட்டுக் கல்யாணச் செலவு. சாப்பாட்டில் பாதி மாப்பிள்ளை வீட்டாருடையது. தாய்மாமனுக்கு மண்டபம் இல்லாதது கடைசிவரை மனத்தாங்கல்தான்.

கல்யாணம் தள்ளித்தான் போனது. இரண்டு ஆண்டல்ல, ஆடி கழியும்வரை. அந்த இடைவெளியில் சீட்டுப் பணம் வந்தது, ஒரு லட்சம் வங்கிக்குப் போனது, கணக்கு நல்ல கணக்கானதற்குக் கிளையிலிருந்து எழுத்தில் கேட்டு வாங்கினோம். அதன் ஒரு நகலை மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தேன். அதை அவர் மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். ஆவணியில் திருச்செங்கோட்டு மலைமேல் தாலி கட்டினார்கள். கீழே ஒரு வீட்டு மாடியில் 120 பேருக்குச் சாப்பாடு.

2024 ஜூன் மாதம் அந்தப் பெண் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பாக்கி 3,95,000 சொச்சம். கடன் வாங்கிப் பத்து ஆண்டு நெருங்கும்போது, அது முதன்முறையாக வாங்கிய தொகைக்குக் கீழே வந்திருந்தது. அந்த வரிக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாள். அவளுடைய மாமியார் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். தொலைபேசியை வாங்கி, "இன்னும் எத்தனை மாதம், ஐயா?" என்று கேட்டார். 10,150 வீதம் கணக்குப் போட்டு, 50 மாதம் என்றேன்.